குரூப் டிஸ்கஷன் கொண்டுவந்தாச்சு, பலன் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு கல்லூரித் துறை தன் பாடத்திட்டத்தை மாற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை ஆசிரியர் போர்டில் எழுதுவார், அறுபது பேர் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், செமஸ்டர் முடிவில் அதையே விடைத்தாளில் எழுதுவார்கள். இனிமேல் வாரத்தில் ஒரு மணி நேரம் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்த வேண்டும், செமஸ்டருக்கு ஒரு புராஜெக்ட் சேர்ந்து முடிக்க வேண்டும். ஒரு வருடம் ஓடுகிறது. அப்புறம் துறைத் தலைவர் கேட்கிறார்: இதைத் தொடரலாமா, விட்டுவிடலாமா, மற்ற பேப்பர்களுக்கும் கொண்டுபோகலாமா? “பசங்க ஆர்வமா இருந்தாங்க சார்” என்பார் ஒருவர். “ஒரே சத்தம், போர்ஷன் முடியல” என்பார் இன்னொருவர். இரண்டுமே பதில் இல்லை. பதிலை எப்படித் தேடுவது என்றுதான் இங்கே சொல்லப் போகிறேன். புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை, கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

வடசென்னையில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இது முக்கியமான விஷயம். பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, பிராட்வே பக்கத்துக் கல்லூரிகளுக்கு வருகிற பிள்ளைகளில் பலர் அவரவர் வீட்டில் முதல் பட்டதாரி. அப்பாவுக்குத் துறைமுகத்தில் லோடு வேலையோ காசிமேட்டில் படகு வேலையோ இருக்கும். வீட்டில் சந்தேகம் கேட்க ஆள் கிடையாது, டியூஷனுக்குக் காசு கிடையாது. பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு இங்கே வந்து ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைக்குப் பக்கத்து பெஞ்சில் இருக்கிற இன்னொரு பிள்ளைதான் கைக்கு எட்டுகிற வாத்தியார். மாணவர்கள் தங்களுக்குள் பேசிப் படிக்கும்படி பாடத்திட்டத்தை மாற்றுவது இங்கே பேருக்குச் செய்கிற வேலை இல்லை. அது ஒழுங்காக நடந்ததா என்று பார்க்காமல் விடுவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

முதலில், எதைப் பார்க்கப் போகிறோம்? தொலைதூரக் கல்வியைப் பற்றி எழுதிவந்த மைக்கேல் மூர் 1989-இல் ஒரு சின்னக் கட்டுரையில் மாணவர் மூன்று பக்கம் ஊடாடுகிறார் என்று பிரித்தார்: பாடத்தோடு, ஆசிரியரோடு, சக மாணவரோடு. நம் வகுப்புகளில் முதல் இரண்டும் ஏதோ ஒரு அளவில் எப்போதும் உண்டு. மூன்றாவது கேன்டீனிலும் ரயிலிலும் தாராளமாக நடக்கிறது, வகுப்புக்குள் நடந்தால் மட்டும் “பேசாதே” என்கிறோம். இங்கே நாம் பேசுவது இந்த மூன்றாவதைப் பற்றித்தான். பாடத்தைப் பற்றி மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவது கூடியதா, கூடியதால் படிப்பு ஏறியதா, யாருக்கு ஏறியது, யாருக்கு ஏறவில்லை. கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு வெளியே ஆதாரம் இல்லாமல் இல்லை. ரிச்சர்ட் ஹேக் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 62 அறிமுக இயற்பியல் வகுப்புகளில் படித்த 6,500-க்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களைத் திரட்டி 1998-இல் வெளியிட்டார். வகுப்பு தொடங்கும்போது ஒரு தேர்வு, முடிந்ததும் ஒரு தேர்வு. வெறும் விரிவுரை நடந்த வகுப்புகளின் சராசரி முன்னேற்றம் 0.23, மாணவர்கள் பேசி விவாதித்த வகுப்புகளில் 0.48. இந்த 0.23, 0.48 எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டால் பாதி மதிப்பீடு கைக்கு வந்துவிடும். ஒரு பிள்ளை முதலில் 100-க்கு 40 வாங்கி, முடிவில் 70 வாங்குகிறது. ஏறியது 30. ஏற இருந்த இடம் 60. 30-ஐ 60-ஆல் வகுத்தால் 0.5. இன்னொரு பிள்ளை 80-இலிருந்து 90-க்குப் போகிறது. ஏறியது 10தான், ஆனால் ஏற இருந்த இடமே 20, ஆக அதுவும் 0.5. வெறும் மதிப்பெண்ணைக் கழித்துப் பார்த்தால் முதல் பிள்ளைதான் அதிகம் கற்றதாகத் தெரியும், கடைசி மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாவது பிள்ளை. ஏற இருந்த இடத்தில் எவ்வளவு ஏறியது என்று பார்த்தால் இரண்டும் சமம். (ஹேக் இதை ஒவ்வொரு வகுப்பின் சராசரிக்கும் போட்டார். தனித்தனி ஆளுக்குப் போட்டாலும் கணக்கு இதேதான்.)

அப்புறம் 2014-இல் ஸ்காட் ஃப்ரீமனும் அவருடைய குழுவினரும் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தோற்றார்கள், மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளில் 21.8 சதவீதம். இந்த எண்களைக் கேட்டதும் “அப்புறம் என்ன, நாமும் செய்வோம், மதிப்பீடு எதற்கு?” என்று தோன்றும். 225 ஆய்வுகளின் சராசரியில் நன்றாக நடந்த வகுப்பும் இருக்கிறது, சொதப்பிய வகுப்பும் இருக்கிறது. நம்முடையது எந்தப் பக்கம் என்று அந்த சராசரி சொல்லாது. பெஞ்சைத் தரையோடு அடித்து வைத்திருக்கிற அறையில், 45 நிமிட பீரியடில், தமிழும் ஆங்கிலமும் கலந்து நடக்கிற வணிகவியல் வகுப்பில் என்ன ஆகிறது என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும்.

சரி, ஒரு வகுப்பைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பி.காம் இரண்டாம் ஆண்டு, காஸ்ட் அக்கவுண்டிங். உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் மாறாத நிலைச் செலவு எது, அதோடு கூடிக் குறைகிற மாறும் செலவு எது என்ற பாடம். பழைய முறையில் ஒரு தொழிற்சாலையின் கணக்கைப் போர்டில் போட்டுக் காட்டுவோம். புதிய முறையில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தாள் கொடுக்கிறோம். காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிற ஒரு விசைப்படகின் செலவுகள் அதில் இருக்கின்றன: டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான், வலை பழுது, இன்ஜின் வேலை, படகுக் கடன் வட்டி, ஆட்களுக்குக் கொடுப்பது. எது நிலைச் செலவு, எது மாறும் செலவு என்று பிரிக்க வேண்டும். ஆட்களுக்குக் கொடுப்பது சம்பளம்தானே, மாதா மாதம் வரும், நிலைச் செலவு என்று மூன்று பேர் எழுதிவிடுகிறார்கள். அதுவரை வாயே திறக்காத நான்காவது பையன், “சம்பளம் இல்லடா, பங்கு. மீன் வித்து டீசல், ஐஸ் காசு போக மிஞ்சுறதுல பங்கு. மீன் இல்லன்னா அதுவும் இல்ல” என்கிறான். இதற்கே ஐந்து நிமிடம் போகிறது. அடுத்த கேள்வி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கரையில் நிற்கிறது, அப்போது எந்தச் செலவு ஓடிக்கொண்டே இருக்கும்? வட்டி ஓடும், அது எல்லோருக்கும் தெரிகிறது. பழுது பார்ப்பதையோ பெரும்பாலும் தடைக்காலத்தில்தான் வைத்துக்கொள்வார்கள். கடலுக்கே போகாத நாட்களில் வருகிற இந்தச் செலவை எங்கே வைப்பது என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடுகிறது. மணி அடித்தும் முடியவில்லை.

பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் இதைப் பார்த்துவிட்டு “வெற்றி” என்று எழுதிவிடக் கூடாது. அந்தக் குழுவில் மற்ற மூவருக்கும் உண்மையிலேயே புரிந்ததா, அல்லது அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்களா? இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. முதலில் கேள்வியைக் கொடுத்துத் தனித்தனியாக விடை எழுதச் சொல்லுங்கள். பிறகு பேசச் சொல்லி, அதே கேள்விக்கு மறுபடி விடை வாங்குங்கள். மூன்றாவதாக, அதே கருத்தில் வேறு ஒரு கணக்கை, உதாரணமாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவரின் டியூ, இன்சூரன்ஸ், கேஸ், டயர் செலவைக் கொடுத்து, பேசாமல் தனியாக எழுதச் சொல்லுங்கள். அறுபது பேரில் முதலில் 22 பேர் சரி, பேசிய பிறகு 47 பேர் சரி, புதிய கணக்கில் தனியாக 40 பேர் சரி என்று வந்தால் புரிந்திருக்கிறது. மூன்றாவது எண் மறுபடி 24-க்கு விழுந்தால் நடந்தது காப்பிதான். (எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக நானே போட்டவை.) கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபியல் வகுப்பொன்றில் இதே மூன்று படியை வைத்துத்தான் சோதித்தார்கள், 2009-இல் வெளியான ஆய்வு அது. குழுவில் ஒருவருக்குக்கூட முதலில் சரியான விடை தெரியாமல் இருந்த இடங்களிலும், பேசிய பிறகு பலர் புதிய கேள்விக்குச் சரியாக விடை சொன்னார்கள் என்பது அதில் தெரிந்தது. தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்வது மட்டும் அங்கே நடக்கவில்லை, பேச்சிலேயே புரிதல் உண்டாகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

இப்போது நம் கல்லூரிகளில் வழக்கமாக என்ன செய்கிறோம் என்று பாருங்கள். கடைசி வாரம் ஒரு கூகுள் ஃபார்ம் போகும். “வகுப்பு பயனுள்ளதாக இருந்ததா? 1 முதல் 5 வரை.” கல்லூரிகளுக்குத் தரச் சான்று தருகிற நாக் (NAAC) அமைப்புக்குக் காட்டுவதற்கு அது ஃபைலில் போய்விடும். ஃபீட்பேக் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது மட்டும் போதாது. டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இலேயே பயிற்சிகளை நான்கு படியில் மதிப்பிடச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, நடந்துகொள்கிற விதம் மாறியதா, கடைசியில் விளைவு என்ன. நாம் முதல் படியிலேயே நின்றுவிடுகிறோம். அந்த முதல் படி ஏமாற்றவும் செய்யும். ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை வைத்து நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், தாங்களே செய்து, பேசிப் படித்த மாணவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள், ஆனால் நல்ல விரிவுரை கேட்டவர்களைவிடத் தாங்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். சுகமாகக் கேட்டுக்கொண்டிருந்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், தானே முட்டி மோதும்போது ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும். ஆக, முதல் மாதம் ஃபார்மில் 2, 3 என்று வந்தால் பயந்து திட்டத்தையே கைவிட வேண்டாம். எல்லாம் 5 என்று வந்தாலும் நம்பிவிட வேண்டாம், குறிப்பாக இன்டர்னல் மார்க் போடுகிற ஆசிரியரே அந்த ஃபார்மை அனுப்பியிருந்தால்.

இன்டர்னல் மார்க் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் சிலபஸ் மேலிருந்து வருகிறது, எக்ஸ்டர்னல் 75 நம் கையில் இல்லை, நாம் புகுந்து விளையாடக்கூடியது வகுப்பு நடத்துகிற விதமும் இன்டர்னல் 25-ம்தான். தன்னாட்சிக் கல்லூரிக்குப் பாடத்திட்டக் குழு உண்டு, அவர்களால் இன்னும் ஆழமாக மாற்ற முடியும். எப்படியானாலும், குழு வேலைக்காக ஒதுக்கிய இன்டர்னல் மார்க் உயர்ந்ததை வைத்து “பாருங்கள், முன்னேற்றம்” என்று சொல்லக் கூடாது. அந்த மார்க்கை உருவாக்கியதும் நாமே, போட்டதும் நாமே. 75 சதவீத வருகை கட்டாயம் என்பதால் வருகைப்பதிவும் பெரிதாக எதையும் சொல்லாது.

எதோடு எதை ஒப்பிடுவது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். போன வருடத் தேர்ச்சி விகிதத்தை எடுத்து இந்த வருடத்தோடு வைக்கிறோம். 2020, 2021 மாணவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் தேர்வு எழுதியவர்கள், அந்த எண்ணை எந்தக் காலத்தோடும் ஒப்பிட முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வடசென்னையில் பல தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது, எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் வந்தது. புத்தகமும் நோட்டும் நனைந்துபோன பிள்ளைகள் அந்த செமஸ்டரில் குறைவாக வாங்கியிருந்தால் அது குழு விவாதத்தின் குற்றமா? இரட்டைப்படை செமஸ்டர்களின் (2, 4, 6) தேர்வு வருகிற ஏப்ரலில் தடைக்காலமும் தொடங்குகிறது, மீனவர் வீட்டில் அப்போது வருமானம் நின்றுவிடும், பையன் கேட்டரிங் வேலைக்குப் போவான். தேர்ச்சி விகிதத்துக்குள் இதெல்லாம் சேர்ந்தே இருக்கும்.

அதனால் வருடத்தோடு வருடத்தை ஒப்பிடுவதைவிட, ஒரே செமஸ்டரில் இரண்டு செக்‌ஷனை ஒப்பிடுவது மேல். அதிலும் முதல் ஷிஃப்டையும் இரண்டாம் ஷிஃப்டையும் பக்கத்தில் வைக்காதீர்கள். காலையில் வேலை பார்த்துவிட்டு மதியம் வகுப்புக்கு வருகிறவர்கள் வேறு, காலையில் வகுப்பு முடித்து வேலைக்குப் போகிறவர்கள் வேறு. ஒரே ஷிஃப்டில் ஏ, பி என்று இரண்டு செக்‌ஷன் இருந்தால் முதல் இரண்டு யூனிட்டுக்கு ஏ செக்‌ஷனில் குழு முறை, பி-இல் பழைய முறை, அடுத்த இரண்டு யூனிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். யூனிட்டுக்கு முன்னும் பின்னும் இரு செக்‌ஷனுக்கும் ஒரே கேள்வித்தாள், திருத்துவது ஒரே ஆள், பெயரை மறைத்துவிட்டு. யாருக்கும் நஷ்டம் இல்லை, இரண்டு செக்‌ஷனுக்கும் இரண்டு முறையும் கிடைத்துவிடுகிறது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு அடிப்படைக் கேள்வி இருக்கிறது, கேட்கவே கூச்சமாக இருக்கும்: மாற்றம் நிஜமாகவே நடந்ததா? தாளில் “குழு விவாதம், வாரம் 1 மணி” என்று இருக்கும், வகுப்பில் பழையபடி நோட்ஸ் டிக்டேஷன் ஓடும். வேறொரு ஆசிரியர் பின் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்ன நடக்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தால் போதும்: ஆசிரியர் பேசுகிறார், மாணவர் தனியாக எழுதுகிறார், குழுவாகப் பேசுகிறார்கள், ஒருவர் எல்லோருக்கும் சொல்கிறார். அமெரிக்க, கனடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஒரு கவனிப்பு முறையும் இதே இரண்டு நிமிடக் கணக்கில்தான் இயங்குகிறது. குழு வேலை என்று பெயரிட்ட பீரியடில் முக்கால்வாசி நேரம் ஆசிரியரே பேசியிருந்தால், மேற்கொண்டு எதையும் மதிப்பிட வேண்டாம்.

அடுத்தது யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது. செமஸ்டரின் மூன்றாவது வாரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு கொடுங்கள். “கடந்த இரண்டு வாரத்தில் இந்தப் பாடத்தைப் பற்றி யாரிடம் பேசினாய்? பெயர்களை எழுது.” செமஸ்டர் முடிவில் மறுபடி அதே சீட்டு. ஒரு சார்ட்டில் எல்லாப் பெயரையும் எழுதி, அம்புக்குறி போட்டு இணைத்துப் பாருங்கள். ஒரே பள்ளியிலிருந்து வந்தவர்கள் ஒரு கொத்து, கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் சேர்ந்து வருகிறவர்கள் ஒரு கொத்து, ஆங்கில மீடியம் ஒரு கொத்து என்று தொடக்கத்தில் தனித்தனியாக நிற்கும். நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. கொத்துகளுக்கு நடுவே புதிய அம்புகள் வந்திருக்கின்றனவா? எந்த அம்பும் வந்து சேராத பெயர்கள் குறைந்திருக்கின்றனவா? இந்த சார்ட்டை வகுப்பில் காட்டாதீர்கள், மார்க்கோடு சேர்க்காதீர்கள். “என் பெயரை யாருமே எழுதவில்லை” என்று ஒரு பிள்ளை தெரிந்துகொள்வதைவிடக் கொடுமை வேறில்லை.

இங்கேதான் சராசரியின் ஆபத்து வருகிறது. வகுப்பின் சராசரி முன்னேற்றம் 0.4 என்று வருகிறது, துறைக்கு மகிழ்ச்சி. பிரித்துப் பார்த்தால் ஆங்கில மீடியத்திலிருந்து வந்த பாதிப் பேருக்கு 0.6, தமிழ் மீடியத்திலிருந்து வந்த பாதிப் பேருக்கு 0.2 என்று இருக்கலாம். குழுவில் தடதடவென்று பேசத் தெரிந்தவர்கள் பேசினார்கள், மற்றவர்கள் சார்ட் பேப்பருக்கு பார்டர் போட்டார்கள் என்று அர்த்தம். அப்படி வந்தால் முறையையே தூக்கி எறிய வேண்டியதில்லை. விவாதம் தமிழிலேயே நடக்கட்டும், கலைச்சொல் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும், யார் வகுப்புக்குச் சொல்வது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்கட்டும் என்று திருத்தலாம். ஆனால் பிரித்துப் பார்த்தால்தான் திருத்த வேண்டும் என்பதே தெரியவரும். ஆண், பெண், ஷிஃப்ட், படித்த மீடியம், வேலைக்குப் போகிறவர், போகாதவர் என்று ஒவ்வொரு வகையிலும் பிரித்துப் பாருங்கள்.

வேலைக்குப் போகிறவர்களைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குழு புராஜெக்ட் என்றால் “வகுப்பு முடிந்து உட்கார்ந்து செய்யுங்கள்” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வகுப்பு முடிந்ததும் மொபைல் கடைக்கோ டெலிவரிக்கோ ஓடுகிறவன் எப்படி உட்காருவான்? மீஞ்சூருக்கோ அத்திப்பட்டுக்கோ இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டிய பெண் பிள்ளை எப்படி இருப்பாள்? குழுவில் இவர்களுக்கு “சும்மா பேர் போட்டுக்கிட்ட ஆள்” என்ற கெட்ட பெயர் வரும். மதிப்பீட்டில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்கட்டும்: இந்த வேலைக்காக வகுப்பு நேரத்துக்கு வெளியே எவ்வளவு நேரம் தேவைப்பட்டது, அது யாரிடம் இல்லை? படிப்பைப் பாதியில் விட்டவர்களையும் போனில் பிடித்துக் கேளுங்கள். கடைசி வாரம் ஃபார்ம் நிரப்புகிறவர்கள் எல்லோரும் தாக்குப்பிடித்தவர்கள்தானே.

எண்களோடு நிறுத்திவிடாமல் ஏழெட்டுப் பேரிடம் தனியாகப் பேசவும் வேண்டும். பேசுகிறவர் அந்தப் பேப்பரை எடுக்காத ஆசிரியராக இருப்பது நல்லது. லீடரையும் முதல் மார்க் எடுக்கிறவரையும் மட்டும் கூப்பிடாமல், சார்ட்டில் அம்பு வராத பிள்ளைகளில் இரண்டு மூன்று பேராவது அதில் இருக்கட்டும். “குழுவில் கடைசியாக நீ சொன்ன ஒரு விஷயம் என்ன, அதற்கு மற்றவர்கள் என்ன சொன்னார்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். “நன்றாக இருந்ததா” என்று கேட்டால் வராத பதிலெல்லாம் இதற்கு வரும்.

இவ்வளவையும் ஒரே செமஸ்டரில் ஒரே ஆள் செய்ய முடியாது. ஒரு பேப்பர், இரண்டு செக்‌ஷன், முன்னும் பின்னும் தேர்வு, இரண்டு முறை பெயர்ச்சீட்டு, மூன்று முறை பின் பெஞ்சுக் கவனிப்பு, சில பேட்டிகள் என்று தொடங்கினால் போதும். தொடங்குவதற்கு முன்பே, எது நடந்தால் பலித்தது என்று ஒப்புக்கொள்வோம், எது நடந்தால் நிறுத்துவோம் என்று எழுதித் தேதி போட்டுத் துறைத் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு அளவுகோலை எழுத ஆரம்பித்தால், வந்ததே வெற்றி என்று ஆகிவிடும். முடிவை இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி, அந்த வகுப்பு மாணவர்களிடமே முதலில் காட்டுங்கள். எண் ஏன் அப்படி வந்தது என்று நமக்குத் தோன்றாத காரணத்தை அவர்கள் சொல்வார்கள். மூன்றாம் செமஸ்டரில் குழுவாகப் படித்தவர்கள் ஐந்தாம் செமஸ்டருக்கு வந்ததும் அதே பெயர்ச்சீட்டை இன்னொரு முறை கொடுங்கள். கட்டாயப்படுத்த யாரும் இல்லாத அந்த நேரத்திலும் அவர்கள் பாடத்தைப் பற்றி ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்களா என்று அதில் தெரியும். இந்த மாற்றத்தை மற்ற பேப்பர்களுக்குக் கொண்டுபோவதா என்ற முடிவை அந்தச் சீட்டு வரும்வரை தள்ளிவைக்கலாம்.